ஏர் ஃப்ளோ சென்சர் கெட்டால்: கழற்றிவிட்டு ஓட்டுவதா, கழுவுவதா, மாற்றுவதா, மேப்புக்குப் போவதா?

செக் என்ஜின் விளக்கு எரிகிறது. ஸ்கேனரில் பி0102 என்றோ பி0171 என்றோ பிழைக் குறியீடு வருகிறது. வண்டியில் இழுவை இல்லை, மைலேஜும் இறங்கிவிட்டது. சந்தேகம், என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் ஏர் ஃப்ளோ சென்சர் மேல் விழுகிறது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் “ஏர் ஃப்ளோ சென்சர் கப்ளரைக் கழத்திட்டு ஓட்டுங்க அண்ணாச்சி, ஒண்ணும் செய்யாது” என்பார்கள். அடுத்த ஒர்க்‌ஷாப்பில் புதுசு போட்டே தீர வேண்டும் என்பார்கள். வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர், காற்றின் அழுத்தத்தைப் பார்த்து அதே கணக்கைப் போடும் மேப் சென்சருக்கு மாற்றிவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது என்பார். மூன்றிலும் உண்மை இருக்கிறது. எந்த வண்டிக்கு, எவ்வளவு தூரத்துக்கு என்ற விவரம் இல்லாமல் சொல்லப்படுவதால்தான் பலர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள்.

அந்த விவரத்தைத் திருநெல்வேலிச் சீமையின் வெயிலுக்கும் காற்றுக்கும் புழுதிக்கும் பொருத்திப் பார்ப்போம். முடிவை இப்போதே சொல்லிவிடலாம். தினமும் ஓடும் வண்டிக்கு ஏர் ஃப்ளோ சென்சரைக் காப்பாற்றி வைத்துக்கொள்வதுதான் கடைசிக் கணக்கில் மலிவு. கழற்றிவிட்டு ஓட்டுவது வீடு போய்ச் சேர மட்டும். மேப்புக்கு மாறுவது, என்ஜின் கம்ப்யூட்டரையே மாற்றத் தயாராக இருப்பவர்களுக்கு.

முதலில், உங்கள் வண்டியில் அது இருக்கிறதா?

ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து, மிதிக்கு ஏற்பக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடிக்குப் போகும் குழாயைப் பாருங்கள். பெட்டியை விட்டு வெளியே வந்ததும், குழாயின் மேல் இரண்டு ஸ்க்ரூவில் உட்கார்ந்திருக்கும் சிறு துண்டும், அதில் மூன்று முதல் ஆறு வயர் கொண்ட கப்ளரும் இருந்தால் அதுதான் ஏர் ஃப்ளோ சென்சர். இரண்டு வயர் மட்டும் என்றால் அது காற்றின் வெப்பத்தை மட்டும் சொல்லும் சென்சர். அந்த வண்டி பெரும்பாலும் மேப் சென்சரில் ஓடுகிறது. மாருதி 800 எம்பிஎஃப்ஐ, ஜிப்சி எம்பிஎஃப்ஐ போன்றவற்றில் முதலிலிருந்தே மேப்தான். டொயோட்டா கொரோலா பெட்ரோலிலும், ஸ்விஃப்ட், டிசையர், விஸ்டா, புன்டோவில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசலிலும் ஏர் ஃப்ளோ சென்சர் உண்டு. ஒரே பெயரில் வந்த மாடல் ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்கலாம் என்பதால், பானெட்டைத் திறந்து நேரில் பார்த்துவிடுவது நல்லது. இல்லாத சென்சருக்குக் காசு கொடுத்தவர்களும் உண்டு.

இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து வந்த கார்களில், கோளாறுகளை ஸ்கேனருக்குச் சொல்லும் ஓபிடி-2 வசதி கட்டாயம். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 முனை சாக்கெட் இருக்கும். அதில் ஒரு இஎல்எம்327 ப்ளூடூத் அடாப்டரைச் செருகி, போனில் லைவ் டேட்டா பார்த்தால் போதும். காற்றின் அளவு கிராம்/வினாடியில் வருகிறதா, மேனிஃபோல்டு (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் குழாய்) அழுத்தம் கிலோபாஸ்கலில் வருகிறதா, இரண்டும் வருகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் எடுக்கும் முடிவுக்கு இது பெரிய ஆதாரம். இரண்டு சென்சரும் உள்ள வண்டி, ஒன்று கெட்டாலும் ஓரளவு கௌரவமாக ஓடும்.

கம்ப்யூட்டர் காற்றை எண்ணும் மூன்று வழிகள்

சிலிண்டருக்குள் போன காற்றின் எடை தெரிந்தால், ஊற்ற வேண்டிய பெட்ரோலின் எடையும் தெரிந்துவிடும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7 கிராம் காற்றுக்கு 1 கிராம். இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும், 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20க்குச் சுமார் 13.5 கிராமுக்கு 1 கிராம். ஆகவே காற்றின் எடையை எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்தான் எல்லாம் நிற்கிறது.

நேரடியாக அளப்பது முதல் வழி. ஏர் ஃப்ளோ சென்சருக்குள் மின்சாரத்தால் சூடாக்கிய மெல்லிய கம்பியோ படலமோ இருக்கும். போகும் காற்று அதைக் குளிர்விக்கும். சூட்டை விடாமல் பிடித்துவைக்க எவ்வளவு மின்சாரம் தேவைப்படுகிறதோ, அதிலிருந்து காற்றின் எடை கிடைக்கிறது. வெயில், மலை உயரம் எல்லாம் அந்த அளவிலேயே அடங்கிவிடும். வால்வு கிளியரன்ஸ் மாறியிருந்தாலும், ஏர் ஃபில்டர் கொஞ்சம் அடைத்திருந்தாலும் கணக்கு தப்பாது. என்ன உள்ளே போனதோ அதைத்தானே அது எடை போடுகிறது.

இரண்டாவது வழி மேப். மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு, காற்றின் வெப்பம் எவ்வளவு, என்ஜின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்ற மூன்றையும் வைத்து எடையைக் கணக்கிடுவது. 1.2 லிட்டர் என்ஜின் 3,000 சுற்றில் ஓடுகிறது, மேனிஃபோல்டு அழுத்தம் 60 கிலோபாஸ்கல், காற்றின் வெப்பம் 40 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஸ்ட்ரோக் என்பதால் வினாடிக்கு 25 முறை 1.2 லிட்டர், அதாவது 30 லிட்டர் இழுக்க வேண்டும். நிஜத்தில் முழுவதும் நிரம்பாது. 85 சதவீதம் நிரம்புகிறது என்றால் 25.5 லிட்டர். அந்த அழுத்தத்திலும் வெப்பத்திலும் ஒரு லிட்டர் காற்று 0.668 கிராம். ஆக வினாடிக்கு 17 கிராம். இதில் அழுத்தம், வெப்பம், சுற்று மூன்றும் அளந்தவை. 85 சதவீதம் என்ற நிரம்பல் விகிதம் மட்டும் அளந்தது கிடையாது. நல்ல நிலையில் இருந்த ஒரு என்ஜினை ஓட்டிப் பார்த்து அட்டவணையாக எழுதி வைத்தது. கேம்ஷாஃப்ட்டையோ சைலன்சரையோ மாற்றினாலும், வால்வு தேய்ந்தாலும் அட்டவணை பொய்யாகிவிடும். மேப் முறையின் பலம், பலவீனம் இரண்டும் அந்த ஒரு எண்ணில்தான்.

மூன்றாவது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, சுற்று எவ்வளவு என்ற இரண்டை மட்டும் வைத்துத் தோராயமாக மதிப்பிடுவது. ஏர் ஃப்ளோ சென்சரைப் பிடுங்கினால், மேப் இல்லாத வண்டிகளில் கம்ப்யூட்டர் இதற்குத்தான் போகும். வெளியே காற்று கனமா லேசா என்பது இந்த முறைக்குத் தெரியவே தெரியாது. 25 டிகிரிக் காலையில் இருக்கும் காற்றைவிட 40 டிகிரி மதியக் காற்று சுமார் 5 சதவீதம் லேசு. மணிமுத்தாற்றிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறினால் ஆயிரம் மீட்டருக்கு மேல். அந்த உயரத்தில் காற்று 11 சதவீதம் வரை லேசாகிவிடும். தரைக்கு எழுதிய அட்டவணையை வைத்துக்கொண்டு ஊத்து எஸ்டேட் வரைக்கும் ஏறும் வண்டி, அத்தனை பெட்ரோலையும் கூடுதலாகக் குடித்துக்கொண்டுதான் ஏறும். தனியாக வளிமண்டல அழுத்த சென்சர் இருந்தால் தப்பிக்கலாம்.

ஆக்சிஜன் சென்சர் இருக்கிறதே, அது திருத்திவிடாதா என்று கேட்கலாம். திருத்தும், ஆனால் என்ஜின் சூடான பிறகு, நிதானமாக ஓடும்போது மட்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டிலும், நான்குவழிச் சாலையில் லாரியை முந்த மிதிக்கும்போதும் அது பெரும்பாலும் பேச்சிலேயே இருக்காது. அந்த இரண்டு நேரத்தில்தான் தவறான மதிப்பீடு என்ஜினைக் கெடுக்கிறது.

சென்சர்தான் குற்றவாளியா?

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பும் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். பி0102, பி0103 இரண்டும் மின்சாரப் புகார்கள்: சிக்னல் மிகக் குறைவு அல்லது மிக அதிகம். வயர் அறுந்திருக்கலாம், கப்ளரில் தண்ணீர் ஏறியிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். வயல் ஓரத்திலும் தோப்பிலும் நிற்கும் வண்டிகளில் எலிக் கடியை முதலில் தேடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கப்ளர் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் புது சென்சர் போட்டாலும் அதே பிழைக் குறியீடுதான் திரும்ப வரும்.

பி0101, பி0171, பி0172 வந்தால் ஃப்யூல் ட்ரிம் பார்க்க வேண்டும்: ஆக்சிஜன் சென்சரைப் பார்த்துக் கம்ப்யூட்டர் எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (ப்ளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்ற எண் அது. நீண்டகால ட்ரிம், குறுகியகால ட்ரிம் இரண்டையும் கூட்டிக்கொள்ளுங்கள். ஸ்லோவில் (மிதிக்காமல் என்ஜின் ஓடும்போது) ப்ளஸ் 15, 20 என்று நின்று, 2,500 சுற்றில் ப்ளஸ் 3, 4 என்று இறங்கினால் அது காற்றுக் கசிவு. சென்சரைத் தாண்டிய பிறகு எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஸ்லோவில் மைனஸ் பக்கம் நின்று, மிதிக்க மிதிக்க ப்ளஸ் பக்கம் ஏறினால் அழுக்குப் பிடித்த ஏர் ஃப்ளோ சென்சரின் அடையாளம்: குறைந்த காற்றை அதிகமாகவும் அதிகக் காற்றைக் குறைவாகவும் சொல்கிறது. ஸ்லோவில் சரியாக இருந்து, மிதிக்கும்போது மட்டும் ப்ளஸ் ஏறினால் பெட்ரோல் பம்பையும் ஃபில்டரையும் சேர்த்துச் சந்தேகப்படுங்கள். இ10க்கு ஒழுங்கு செய்த வண்டியில் இ20 ஊற்றினால் ட்ரிம் 4 சதவீதம் வரை ப்ளஸ் பக்கம் தள்ளி நிற்பது இயல்பு. அதைப் பார்த்துச் சென்சரை மாற்றாதீர்கள்.

கசிவுக்கு ஒரு எளிய சோதனை. ஸ்லோவில் ஓடும்போது என்ஜின் ஆயில் மூடியைத் திறங்கள். ஏர் ஃப்ளோ சென்சரில் ஓடும் வண்டி தடுமாறி அணையப் பார்க்கும், ஏனென்றால் என்ஜின் அடிப்பகுதி ஆவியை இழுக்கும் பிசிவி குழாய் வழியாக அளக்கப்படாத காற்று உள்ளே போகிறது. திறந்தும் எந்த மாற்றமும் இல்லையென்றால், ஏற்கெனவே எங்கோ பெரிய ஓட்டை இருக்கலாம், பிசிவி அடைத்தும் இருக்கலாம். பிறகு ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, ரப்பர்க் குழாயின் மடிப்புகள், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி ஹோஸ், மேனிஃபோல்டு கேஸ்கட் ஓரங்களில் மெல்ல அடியுங்கள். சத்தம் மாறும் இடத்தில் ஓட்டை. குழாய் மடிப்பில் வெடிப்பு என்றால் கையால் வளைத்துப் பார்த்தால்தான் தெரியும். மேலிருந்து பார்த்தால் தெரியாது.

ஓர் எச்சரிக்கை. “கழற்றிவிட்டால் நன்றாக ஓடுகிறது, அதனால் சென்சர்தான் போச்சு” என்ற முடிவு அவசர முடிவு. மதிப்பீட்டில் ஓடும்போது கம்ப்யூட்டர் சென்சரின் பேச்சைக் கேட்பதில்லை. அப்போது கசிவும் அவ்வளவாக உறுத்தாது. நல்ல சென்சரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய ஓட்டையோடு வீடு போக நேரிடும்.

கழற்றிவிட்டு ஓட்டுவது

இக்னிஷனை அணைத்துவிட்டுக் கப்ளரைக் கழற்றி, முனைகளில் புழுதியும் தண்ணீரும் படாமல் சுற்றிக் கட்டி வைத்தால் வேலை முடிந்தது. செலவு இல்லை. பாதி வழியில் நின்று நின்று போகும் வண்டி கயத்தாற்றிலிருந்து பாளையங்கோட்டை வரை வந்து சேர இது உண்மையிலேயே உதவும். தவறான சிக்னலைவிடச் சிக்னலே இல்லாமல் இருப்பது மேல். தவறு என்று தெரியாதவரை கம்ப்யூட்டர் அதை நம்பிக்கொண்டே இருக்கும்.

ஆனால் நாலைந்து நாள் என்று தொடங்கி நாலைந்து மாதம் ஆகும்போது விலை ஏறுகிறது. பல சென்சர்களுக்குள்ளேயே காற்றின் வெப்ப சென்சரும் இருப்பதால் அதுவும் சேர்ந்து போய்விடும். ஸ்கேனரில் பி0113 கூடவே வருவது அதனால்தான். கம்ப்யூட்டர் ஏதோ ஒரு வெப்பத்தைத் தானாக வைத்துக்கொள்ளும். நாங்குநேரி வெயிலுக்கு அது பொருந்துமா என்பது அதிர்ஷ்டம். சில வண்டிகளில் 2,500, 3,000 சுற்றுக்கு மேல் ஏறவிடாது. ஆட்டோமேடிக் கியர் வண்டிகளில் என்ஜின் சுமை தெரியாததால் கியர் இடித்து விழும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் பெட்ரோல் அதிகமாகப் போய் சிலிண்டர் சுவரில் ஆயிலைக் கழுவும். டிப்ஸ்டிக்கை முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதன் கல்லை உருக்கிவிட்டால், ஒரு சென்சர் விலையைப் போலப் பல மடங்கு செலவு. சிஎன்ஜி பொருத்திய வண்டிக்கு இன்னொரு சிக்கல்: வெளியில் பொருத்தும் சீக்வென்ஷியல் கிட்கள் பெட்ரோல் இன்ஜெக்டர் திறக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் கேஸ் அளவை முடிவு செய்கின்றன. பெட்ரோல் கணக்கு தப்பானால் கேஸ் கணக்கும் தப்பும்.

எங்கள் கருத்தில் இதற்கு எல்லை ஒரு நாள், அதிகம் போனால் 100 கிலோமீட்டர். 80க்குக் கீழே, ஏசி அணைத்து, முழு மிதி மிதிக்காமல், மலை ஏறாமல். செக் என்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருக்காமல் விட்டுவிட்டு மின்னத் தொடங்கினால் சிலிண்டரில் சரியாகப் பற்றாமல் போகும் மிஸ்ஃபயரால் கன்வெர்ட்டர் சூடாகிறது என்று பொருள். அப்போது ஓரம் கட்டிவிட வேண்டும்.

கழுவுவது

முதலில் இதைத்தான் செய்து பார்க்க வேண்டும். சென்சருக்குள் இருக்கும் பிளாட்டினக் கம்பி பழைய வகைகளில் 70 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடிப் பருமன். அதில் புழுதியும் எண்ணெயும் சேர்ந்து அப்பினால் காற்று அதைத் தொட முடியாது.

நம் பக்கத்தில் அதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவத்தில் அடிக்கும் காற்று காற்றாலைகளைச் சுற்றுவதோடு, பணகுடி, வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து மண்ணையும் கிளப்பிக்கொண்டு வருகிறது. திசையன்விளைப் பக்கம் தேரி மணல் இன்னும் நுணுக்கம். தயாரிப்பாளர் புத்தகத்தில் ஏர் ஃபில்டருக்கு எழுதியிருக்கும் கிலோமீட்டரை இங்கே பாதியாக எடுத்துக்கொண்டு, ஆனி முதல் ஆவணி வரை மாதம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்ப்பது நல்லது. கம்ப்ரஸர் காற்றால் ஃபில்டரை அழுக்குப் பக்கத்திலிருந்து அடிக்கக் கூடாது. தூசு உள்ளே தள்ளப்படும், அழுத்தம் அதிகமானால் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். விலை குறைந்த ஃபில்டரில் ரப்பர் விளிம்பு பெட்டியில் சரியாக உட்காராது. ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உள்ளே விரலை வைத்துத் துடைத்துப் பாருங்கள்; விரலில் மண் ஒட்டினால் ஃபில்டர் வேலை செய்யவில்லை. எண்ணெய் தடவும் துணி ஃபில்டர் போட்டவர்கள் எண்ணெய் அதிகமாகிவிட்டால் சென்சரைத் தாங்களே அழுக்காக்குகிறார்கள்.

செய்முறை இது. என்ஜினை அணைத்து 15 நிமிடம் ஆறவிட்டுக் கப்ளரைக் கழற்றுங்கள். என்ஜின் சூட்டில் அதன் பூட்டு மொறுமொறுப்பாகியிருக்கும். இழுக்காமல் அமுக்கி எடுங்கள். இரண்டு ஸ்க்ரூ இருக்கும். சில வண்டிகளில் டார்க்ஸ் டி20, நடுவில் முள்ளோடு. ஏர் ஃப்ளோ சென்சருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயை மட்டும் 10 சென்டிமீட்டர் தள்ளி, 10 முதல் 15 தடவை விட்டு விட்டு அடியுங்கள். கம்பிக்கும், பக்கத்தில் சிறு மணி போல் இருக்கும் வெப்ப சென்சருக்கும் இரண்டு பக்கமும் அடிக்க வேண்டும். பஞ்சு, பட்ஸ், பிரஷ் எதுவும் தொடக் கூடாது. கம்ப்ரஸர் காற்றைக் காட்டவே கூடாது. கார்புரேட்டர் கிளீனர், பெட்ரோல், மண்ணெண்ணெய், டபிள்யூடி-40 வேண்டாம். படிவு விடும், பிளாஸ்டிக்கை அரிக்கும். அரை மணி நேரம் தானாகக் காயவிட்டு, ஓ-ரிங்கைப் பார்த்து, அம்புக்குறி த்ராட்டில் பக்கம் இருக்குமாறு மாட்டுங்கள். ஈரத்தோடு இக்னிஷன் போட்டால் சூடாகும் கம்பியில் திரவம் எரிந்து போகலாம்.

பிறகு பிழைக் குறியீட்டை அழித்து, பழைய ட்ரிம்மையும் அழித்துவிடுங்கள். இதை விட்டால், அழுக்கு சென்சருக்காகக் கற்றுக்கொண்ட திருத்தத்தைச் சுத்தமான சென்சரின் மேல் போட்டு வண்டி சில நாள் இன்னும் மோசமாக ஓடும். “கழுவியதும் கெட்டுப்போச்சு” என்ற புகார் பல நேரம் இதுதான். கம்பி வகை சென்சர்கள் நன்றாகத் தேறும். படல வகையில் வெற்றி குறைவு. மேல்பூச்சு தேய்ந்திருந்தால் எவ்வளவு கழுவினாலும் பயனில்லை.

புதியது போடுவது

கழுவியும் தேறவில்லை, வயரிங் சரி, கசிவு இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். மாற்றும் முன் பழையதை ஒரு தடவை அளந்து பார்ப்பது நல்லது. பாஷ் எச்எஃப்எம்5 வகையில், இக்னிஷன் போட்டு என்ஜின் ஓடாமல் இருக்கும்போது சிக்னல் வயரில் 1.00 வோல்ட் இருக்க வேண்டும், 0.02 கூடக் குறையலாம். காற்றே போகாதபோது 1.1 காட்டினால் அது முடிந்துவிட்டது. புதிய வகைகள் வோல்ட்டுக்குப் பதில் அதிர்வெண்ணாகச் சொல்லும். சாதாரண மல்டிமீட்டரில் பிடிபடாது, ஸ்கேனர் எண்ணை நம்புங்கள்.

ஸ்கேனரில் எதைச் சரி என்று கொள்வது? சூடான என்ஜின், ஏசி அணைத்து, ஸ்லோவில்: லிட்டருக்கு 1 முதல் 2 கிராம்/வினாடி, 1.2 லிட்டர் என்றால் 1.2 முதல் 2.4 என்ற வரம்புக்குள். முழு மிதியில் உச்சச் சுற்றில்: குதிரைத்திறனை 0.8ஆல் பெருக்குங்கள். 80 குதிரைத்திறன் என்ஜின் 64 கிராம்/வினாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். 45ல் நின்றுவிட்டால் சென்சர் குறைத்துச் சொல்கிறது, அல்லது ஃபில்டரோ சைலன்சரோ அடைத்திருக்கிறது.

வாங்கும்போது பழையதன் மேல் அச்சிட்ட பார்ட் நம்பரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். கப்ளர் பொருந்துவதால் மட்டும் சென்சர் பொருந்திவிடாது. அதே துண்டு வேறு விட்டமுள்ள குழாயில் உட்கார்ந்தால் கணக்கு மாறும்: குழாய் விட்டம் 10 சதவீதம் பெரிதானால் பரப்பு 21 சதவீதம் கூடும், சென்சர் காற்றை 17 சதவீதம் குறைத்துச் சொல்லும். பெட்டியில் பிரபல பெயர் இருந்தும் விலை மட்டும் பாதி என்றால் தள்ளிவிடுங்கள். போலி சென்சர் ஸ்லோவில் சரியாக இருக்கும், 100 கிலோமீட்டர் வேகத்தில் காட்டிக்கொடுக்கும். பழைய வண்டியில் கழற்றிய ஒரிஜினல் கிடைத்தால், புதுப் போலியைவிட அதைக் கழுவிப் போடுவது மேல்.

ஏமாற்றுப் பெட்டிகள்

சிக்னல் வயரில் ரெசிஸ்டர் வைத்து நிலையான வோல்ட் கொடுப்பது பற்றி நீளமாகப் பேச ஒன்றுமில்லை. காற்று மாறும், வோல்ட் மாறாது. விளக்கு அணையும், என்ஜின் கெடும். மேப் சென்சர் சிக்னலை ஏர் ஃப்ளோ சிக்னலாக மாற்றித் தரும் மொழிபெயர்ப்புப் பெட்டிகள் வெளிநாட்டில் பழைய டர்போ வண்டிகளுக்கு உண்டு. அவற்றையும் வண்டிக்கு வண்டி ட்யூன் செய்தாக வேண்டும். அவ்வளவு பாடுபடுகிறவர் நேராக மேப்புக்கே போகலாம்.

மேப்புக்கு மாறுவது

நிஜமாகவே ஏர் ஃப்ளோ சென்சர் வேண்டாம் என்று முடிவெடுப்பவருக்கு இரண்டு வாசல். ஒன்று, இருக்கும் கம்ப்யூட்டரின் ப்ரோகிராமையே மேப் கணக்குக்குத் திருத்துவது. சுபாரு, மிட்சுபிஷி எவோ, ஜிஎம் வி8 போன்ற சில வண்டிகளுக்கு இது நன்கு பழகிய வேலை. நம் ஊர்ச் சாலையில் ஓடும் பெரும்பாலான கார்களுக்கு அப்படிப்பட்ட ஃபைல் கிடையாது. “ரீமேப்பில் எடுத்துவிடுகிறேன்” என்று யாராவது சொன்னால், பிழைக் குறியீட்டை மட்டும் அமுக்குகிறாரா, நிரம்பல் அட்டவணை எழுதுகிறாரா என்று கேளுங்கள். பிழைக் குறியீட்டை மட்டும் அமுக்கினால் கழற்றிவிட்டு ஓட்டுவதும் அதுவும் ஒன்றே. விளக்கு மட்டும் எரியாது.

இன்னொன்று தனிக் கம்ப்யூட்டர்: மெகாஸ்குர்ட், ஆர்டுயினோ மெகா 2560 மேல் ஓடும் ஸ்பீடுயினோ, ரஸ்இஎஃப்ஐ. கேபிள் த்ராட்டில் உள்ள பழைய ஜீப், போட்டிக்கு ஓடும் வண்டி, என்ஜின் மாற்றிய வண்டி இவற்றுக்கு இது அருமையான வழி. இதில் மேப்பின் நல்ல குணங்கள் தெரியும். ஹோஸ் கசிந்தால் கலவை வறண்டு போகாமல் ஸ்லோ மட்டும் ஏறும், ஏனென்றால் கசிந்த காற்றையும் அழுத்தமாக அது பார்த்துவிடுகிறது. புழுதியில் கெட்டுப்போகச் சூடான கம்பியும் இல்லை.

தேவையான பொருட்கள்: டர்போ இல்லாத என்ஜினுக்கு 1 பார் மேப் சென்சர், டர்போவுக்கு எம்பிஎக்ஸ்4250 போல 2.5 பார்; திறந்த முனையுள்ள காற்று வெப்ப சென்சர்; த்ராட்டில் நிலை சென்சர்; 36-1 (36ல் ஒன்று இல்லாத) அல்லது 60-2 (60ல் இரண்டு இல்லாத) பல் கொண்ட க்ராங்க் சக்கரமும் சென்சரும்; காற்று-பெட்ரோல் விகிதத்தை எண்ணாகவே காட்டும் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சரும் கன்ட்ரோலரும்; இன்ஜெக்டரின் ஓட்ட அளவும் அது திறக்கத் தாமதிக்கும் நேரமும் பற்றிய சரியான தகவல். பெரும்பாலான இன்ஜெக்டருக்கு 14 வோல்ட்டில் இந்தத் தாமதம் 1 மில்லி வினாடிக்குப் பக்கத்தில். இது தப்பானால் ஸ்லோ ஒருநாளும் நிற்காது.

தப்பு நடக்கும் இடங்கள் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். மேப் குழாயை ஒரு சிலிண்டரின் தனிக் கிளையிலிருந்து எடுத்தால் எண் துடிக்கும். எல்லாக் கிளைக்கும் பொதுவான அறையிலிருந்து, மேல்நோக்கி, குட்டையான குழாயில் எடுக்க வேண்டும். காற்று வெப்ப சென்சரைச் சூடேறும் மேனிஃபோல்டில் பொருத்தினால், ஜங்ஷன் சிக்னலில் நின்று கிளம்பும்போது காற்று 70 டிகிரி என்று நினைத்துப் பெட்ரோலைக் குறைத்துவிடும். அதை ஃபில்டருக்குப் பக்கத்துக் குழாயில் வையுங்கள். வைட்பேண்டை நிமிர்த்தி, கிடைமட்டத்துக்கு 10 டிகிரிக்குக் குறையாத சாய்வில் பொருத்துங்கள். தண்ணீர் தேங்கினால் உள்ளே வெடித்துவிடும். நிரம்பல் அட்டவணையை ஸ்லோவில் 45, 50 சதவீதம், நடுவில் 75, 80 என்று தொடங்கி, குறைந்த சுமையிலிருந்து மேலே ஏறித் திருத்துங்கள். முழு மிதியில் 1 கிராம் பெட்ரோலுக்கு 12.5 முதல் 12.8 கிராம் வரை காற்று இலக்கு.

இக்னிஷன் டைமிங்கும் (தீப்பொறி விழும் நேரம்) இதே கம்ப்யூட்டரின் பொறுப்பு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பெட்ரோல் தப்பினால் புகை வரும். டைமிங் தப்பினால் பிஸ்டன் உடையும். டைமிங் லைட் வைத்து க்ராங்க் குறியைச் சரிபார்க்காமல் சாலையில் இறக்காதீர்கள்.

எலக்ட்ரானிக் த்ராட்டில், இம்மொபைலைசர், மீட்டரும் ஏபிஎஸ்ஸும் ஏசியும் ஒரே கேன் (தகவல்) வயரில் பேசும் கார்களுக்கு இந்த வழியை எங்களால் சிபாரிசு செய்ய முடியாது. சென்சர் ஒன்றைத் தவிர்க்கப் போய் மீட்டர், ஸ்டியரிங் உதவி, ஃபேன் எல்லாவற்றையும் மறுபடி கட்ட வேண்டிவரும். மாசு சோதனையும் இருக்கிறது: பிஎஸ்4 முதலான பெட்ரோல் காருக்கு ஸ்லோவில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்துக்குள்ளும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்முக்குள்ளும் இருக்க வேண்டும். நன்றாக ட்யூன் செய்து, கன்வெர்ட்டரும் உயிரோடிருந்தால் எட்டலாம். அரைகுறை ட்யூனுக்கு எட்டாது.

டீசல் தனிக் கணக்கு

டீசலில் காற்றைப் பார்த்து எரிபொருள் ஊற்றுவதில்லை. மிதிக்கு ஏற்ப ஊற்றிவிட்டு, புகை வராமல் வரம்பு வைக்கவும், புகையில் ஒரு பங்கைத் திரும்ப என்ஜினுக்குள் விடும் ஈஜிஆர் வால்வு எவ்வளவு திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கவும்தான் ஏர் ஃப்ளோ சென்சர். அதைக் கழற்றினால் கம்ப்யூட்டர் பொதுவாக ஈஜிஆரை மூடிவிடும். அடைத்துப்போன ஈஜிஆர் உள்ள வண்டி அப்போது முன்பைவிட நன்றாக இழுப்பதுபோல் தோன்றும். அதைப் பார்த்துச் சென்சரைக் குறை சொல்லாமல் ஈஜிஆரைக் கழற்றிக் கரியைச் சுரண்டுங்கள். டர்போ ஹோஸ் வெடித்திருந்தாலும் இதே பிழைக் குறியீடுகள் வரும். கிளாம்ப்களில் ஆயில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். புகைக் கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உள்ள பிஎஸ்6 டீசலில் கழற்றி ஓட்டுவது ஒரு நாளுக்குக்கூட வேண்டாம். கரி எவ்வளவு சேர்ந்தது என்ற மதிப்பீட்டுக்கே காற்றின் அளவு தேவை. அது இல்லாவிட்டால் ஃபில்டர் தன்னை எரித்துச் சுத்தம் செய்துகொள்வதை நிறுத்திவிடும். புது சென்சர் போட்டபின் பழைய கற்றலை ஸ்கேனரில் அழிப்பது சில டீசல்களில் கட்டாயம்.

எந்த வழியில் போனாலும் கடைசியில் ஓட்டிச் சரிபார்க்க வேண்டும். முழுச் சூடு ஏறியபின் 10 நிமிடம் ஸ்லோவில் விட்டு, பிறகு நகரத்துக்குள் கொஞ்சம், வண்ணார்பேட்டையிலிருந்து நாங்குநேரி வரை நான்குவழிச் சாலையில் கொஞ்சம் என்று 30, 40 கிலோமீட்டர் ஓட்டி, ஸ்லோ, 60, 90 ஆகிய மூன்று இடத்திலும் ட்ரிம்மைக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றும் மைனஸ் 5க்கும் ப்ளஸ் 5க்கும் நடுவில் நின்றால் போதும். இ20 ஓடும் பழைய வண்டிக்கு ப்ளஸ் 8 வரை கவலை வேண்டாம். 90ல் மட்டும் ப்ளஸ் 10க்கு மேல் போனால், அடுத்ததாக அளக்க வேண்டியது பெட்ரோல் பிரஷர்.